மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்று நான் போட்ட குறி

1. ஆறாம் நாள்

திரையில் இரண்டு படங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒன்று, மூன்று கிழமைக்கு முன்பு ஒரு நோயாளிக்குச் சிகிச்சையைத் திட்டமிடுவதற்காக எடுத்த ஸ்கேன். மற்றது, இரண்டு நிமிடத்துக்கு முன்பு மெஷின் கட்டிலில் அவர் படுத்திருந்தபடியே எடுத்தது. முதல் படத்தில் சிறுநீர்ப்பை நிறைந்து உயர்ந்து நின்றது. இரண்டாவதில் அது வற்றிச் சுருங்கிக் கிடந்தது. அது விட்ட இடத்துக்குள் சிறுகுடலின் ஒரு வளையம் இறங்கி வந்திருந்தது.

இந்த வேலைக்கு வரப்போகிற பிள்ளைகளுக்காகத்தான் எழுதுகிறேன். அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். புரோஸ்டேட் புற்றுநோய்க்கு, சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்களையும் சேர்த்துக் கதிர் கொடுக்கும்போது, நோயாளி தண்ணீர் குடித்துச் சிறுநீரை அடக்கிக்கொண்டு வர வேண்டும். நிறைந்த சிறுநீர்ப்பை குடலை மேலே தள்ளி வைத்திருக்கும். வற்றியிருந்தால் குடல் கதிருக்குள் விழும். ஒரு நாள் விழுந்தால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. நாள் தவறாமல் விழுந்தால், சிகிச்சை முடிந்து மாதங்கள் கழித்து, சிலருக்கு வருடங்கள் கழித்து, அது புண்ணாகத் தெரியவரும். நோய் மாறிச் சுகமாகியிருக்கும். ஆனால் மனிதர் கழிப்பறையை விட்டு நூறு மீற்றர் தள்ளிப் போகப் பயப்படுவார். அப்படியானவர்களை நான் கண்டிருக்கிறேன்.

அன்று நாங்கள் ஏற்கெனவே நாற்பது நிமிடம் பிந்தியிருந்தோம். வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள். அவருடைய படம் இப்படி வருவது தொடர்ந்து மூன்றாவது நாள். முதல் இரண்டு நாளும் இவ்வளவு மோசமில்லை என்று கொடுத்திருந்தோம். "கிட்டத்தட்டச் சரியாகத்தானே இருக்கிறது, கொடுத்துவிடுவோம்" என்று பக்கத்தில் இருந்த டேவிடம் சொன்னேன்.

எங்கள் வேலையில், கதிர்ச் சிகிச்சை கொடுக்கும் இரண்டு தெரபிஸ்ட்கள் படத்தைப் பார்த்து, இருவரும் சம்மதித்தால்தான் கதிரைத் தொடங்கலாம். டேவ், மெல்பேர்னுக்குக் கிழக்கே கிப்ஸ்லாண்டில் பால்பண்ணை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. ஆறடிக்கு மேல் உயரம், அதிகம் பேச மாட்டார். மௌஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த வளையம் இருக்கிற இடம் தனக்குப் பிடிக்கவில்லை என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. காட்டிக்கொள்ளாமல் உள்ளே போனேன். அவர் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

"தண்ணி குடிச்சனீங்களோ அங்கிள்?"

"ஓம் பிள்ளை. குடிச்சனான்."

முந்தைய இரண்டு நாளும் இதே கேள்விதான், இதே பதில்தான். கட்டிலை இறக்கி அவரை எழுப்பி, காத்திருக்கும் அறையில் இருத்தி, தண்ணீர் கொடுத்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், கப் நிறைந்தபடியே கையில் இருந்தது. "இண்டைக்கு ஏலாது போல கிடக்கு பிள்ளை. நாளைக்கு வாறன்" என்று எழுந்து போனார்.

நாளைக்கு அவர் வரவில்லை.

2. எங்கட ஆள்

கதிரவேலு அங்கிள் என்று அவரைச் சொல்கிறேன். அது அவர் பெயர் இல்லை. அறுபத்தைந்து தாண்டியவர். மெல்பேர்ன் ஓரத்து ட்ருகனினாவில் ஒரு பெரிய கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். அதற்கு முன் வவுனியாவில் லொறி, இங்கே வந்த முதல் வருடங்களில் இறைச்சித் தொழிற்சாலை. சனி ஞாயிறுகளில் எங்கள் பக்கத்துக் கோயில் குசினியில் அவரைக் காணலாம். அன்னதானத்துக்குச் சோற்றுக் கிடாரத்தை இரண்டு பேர் சேர்ந்து தூக்குவார்கள். அதில் ஒருவர் எப்போதும் இவர்.

அதனால்தான், ஒரு புதன்கிழமை எங்கள் யூனிட்டின் காத்திருக்கும் அறையில் அவரைக் கண்டபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. மாணவியாக மெல்பேர்னுக்கு வந்து, படித்து, இந்த மருத்துவமனையில் பதினாறு வருடம் வேலை செய்திருந்தேன். எங்கள் ஆட்களுக்கு இங்கே உதவ நான் இருக்கிறேன் என்பதில் ஒரு பெருமை எனக்கு உண்டு. நான் அவரைப் பெயர் சொல்லி அழைத்தபோது அவர் முகம் மாறியது. நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன்.

அவருடைய கோப்பில், மொழிபெயர்ப்பாளர் தேவை என்று குறிக்கப்பட்டிருந்தது. ஆண் என்றால் நல்லது என்று பக்கத்தில் ஒரு குறிப்பும் இருந்தது. அந்தக் குறிப்பை நான் வாசித்தேன். வாசித்துவிட்டு, தமிழ் பேச நான் இருக்கும்போது ரெலிபோனில் யாரோ எதற்கு என்று, "தேவையில்லை" என்று மாற்றிவிட்டேன். டேவிடம், இவர் எங்கட ஆள், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

முதல் இரண்டு நாள் எல்லாம் சரியாக நடந்தது. மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. மெஷின் சிறிது நேரம் நின்றுபோனது. அவர் அடக்கிக்கொண்டே காத்திருந்து, சிகிச்சை முடிந்து கட்டிலை விட்டு இறங்கும்போது கொஞ்சம் சிறுநீர் போய்விட்டது. எங்களுக்கு அது கிழமைக்கு இரண்டு தடவை நடக்கிற விஷயம். நான் உடனே துவாயை எடுத்துக் கீழே குனிந்து துடைத்தேன். "உது ஒண்டும் இல்லை அங்கிள், எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன். அவர் உடை மாற்றும் அறைக்குள் போனார். அவர் வெளியே வருவதற்குள் அடுத்த நோயாளியை நான் உள்ளே எடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனேன். குசினி வாசலில் நாலைந்து பேரோடு அங்கிள் நின்றுகொண்டிருந்தார். கடந்து போகும்போது சிரித்துக்கொண்டு, "என்ன அங்கிள், தண்ணி வடிவாக் குடிக்கிறியளோ?" என்று கேட்டுவிட்டுப் போனேன். நோயின் பெயர் சொல்லவில்லை, மருத்துவமனை என்றும் சொல்லவில்லை. அன்று அது எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது.

திங்கட்கிழமையிலிருந்துதான் அவருடைய சிறுநீர்ப்பை வற்றியிருந்தது.

3. கையிலிருந்த நம்பர்

ஏழாம் நாளுக்குரிய நேரம் வந்தது. அவர் வரவில்லை. இரண்டு தடவை அழைத்தேன். போன் அடித்து அடித்து நின்றது. புற்றுநோய்ச் சிகிச்சையில் நாட்களை விட்டுவிட்டுப் போக முடியாது. இருபத்தைந்து நாள் என்று கணக்குப் போட்டால், அது தொடர்ந்து போக வேண்டும். இடையில் நிறுத்திவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அப்படிப் போனால் கொடுத்த கதிரும் பயன்படாமல் போகும்.

அவருடைய மனைவியின் நம்பர் என்னிடம் இருந்தது. நவராத்திரிக்குப் பலகாரம் செய்ய எங்களுக்குள் ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது, அதிலிருந்து. மாலை இடைவேளையில் அந்த நம்பரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அன்ரிக்கு இவருடைய நோய் தெரியுமா என்பதுகூட எனக்குத் தெரியாது. அதை நினைத்தபோதுதான் ஞாயிற்றுக்கிழமை குசினி வாசல் ஞாபகம் வந்தது. அவரைச் சுற்றி நின்றவர்கள் யார் யார் என்று யோசித்துப் பார்த்தேன். அங்கிள் அந்த நேரம் சிரித்தாரா என்று யோசித்தேன். சிரிக்கவில்லை.

போனை மூடிவிட்டு எங்கள் பொறுப்பாளர் மார்கரெட்டின் அறைக்குப் போனேன். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கேட்ட முதல் கேள்வியே, இவருக்கு மொழிபெயர்ப்பாளராக யார் வந்தது என்பதுதான். எல்லாவற்றையும் சொன்னேன். கோப்பில் நான் மாற்றிய குறியை, வாசித்தும் விட்டுவிட்ட குறிப்பை, கோயிலில் கேட்ட கேள்வியை.

மார்கரெட் திட்டவில்லை. தட்டிக்கொடுக்கவும் இல்லை. கோயிலில் நடந்தது நோயாளியின் அந்தரங்கத்தை மீறியது, அதை முறைப்படி நீயே எழுதிப் பதிவு செய் என்றார். எழுதினேன். அவரிடம் இன்றைக்கே போய் மன்னிப்புக் கேட்கட்டுமா என்று கேட்டேன். "உனக்குத் தேவையான நேரத்தில் கேட்காதே, அவருக்குத் தேவையான நேரத்தில் கேள்" என்று சொன்னார். பிறகு டேவைக் கூப்பிட்டு, ஆண் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ரெலிபோனில் எடுத்து, அங்கிளோடு பேசச் சொன்னார்.

4. எண் மட்டும் சொன்னவர்

டேவ் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து போனை ஸ்பீக்கரில் போட்டார். நானும் இருக்கட்டுமா என்று கதவடியில் நின்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் என்று. நான் நடைபாதைக்குப் போய்விட்டேன்.

உள்ளே என்ன நடந்தது என்பதைப் பின்னால் அங்கிளே எனக்குச் சொன்னார். மருத்துவமனை நம்பராக இல்லாமல் தெரியாத நம்பராக வந்ததால் எடுத்தாராம். மொழிபெயர்ப்பாளர்கள் பெயர் சொல்ல மாட்டார்கள், தங்கள் எண்ணை மட்டும் சொல்வார்கள். குரலை வைத்து இந்தியத் தமிழர் என்று இவருக்கு விளங்கியது. அந்த மனிதர் சொன்னதை அங்கிள் அப்படியே அவருடைய பேச்சில் எனக்குச் செய்து காட்டினார்.

"ஐயா, நீங்க சொல்றத அப்படியே அவர்கிட்ட சொல்லுவேன். அவர் சொல்றத உங்ககிட்ட சொல்லுவேன். வேற யார்கிட்டயும் இது போகாது."

அதைக் கேட்டதும் அங்கிள் பேசத் தொடங்கியிருக்கிறார். அரை மணி நேரம் பேசியிருக்கிறார். மகள் வயதுப் பிள்ளை ஒருத்தி தன் சிறுநீரைக் குனிந்து துடைத்ததைப் பற்றி. அன்று இரவு சாப்பிட முடியாமல் இருந்ததைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமை நான் போன பிறகு ஒரு கூட்டாளி, அது என்ன தண்ணிக் கதை என்று கேட்டதைப் பற்றி. அதற்குப் பிறகு மருத்துவமனைக்கு வரும் நாட்களில் மதியத்திலிருந்து தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருக்கிறார். என்னிடம் குடித்ததாகச் சொன்னார், ஏனென்றால் குடிக்கவில்லை என்றால் ஏன் என்று நான் தமிழில் கேட்பேன்.

டேவ் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்குத் தெரிய வேண்டியதை மட்டும் சொன்னார். நாளைக்கு வருவார். பெண்கள் உள்ளே இருக்க வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். உன்னில் கோபம் இல்லை என்றும் சொல்லச் சொன்னார் என்றார்.

நான் கேட்டேன், நான் என்ன செய்யட்டும் என்று. பக்கத்து மெஷினுக்குப் போ என்றார் டேவ்.

போனேன். மிச்சமிருந்த இருபது நாளும், அவர் வரும் நேரத்தில் நான் பக்கத்து மெஷினில் நின்றேன். சும்மா சொல்லக்கூடாது, முதல் சில நாள் அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஒரு தமிழனுக்குத் தமிழ் தெரிந்த என்னைவிட, "வணக்கம்" என்பதையே ஒழுங்காகச் சொல்லத் தெரியாத ஒரு பண்ணைக்காரன் மகன் வசதியாகப் போய்விட்டாரே என்று.

டேவ் செய்தவை பெரிய காரியங்கள் இல்லை. அங்கிளின் நேரத்தை மாலையிலிருந்து காலை முதலாவதாக மாற்றினார். முதல் ஆள் என்றால் மெஷின் பிந்தாது, கணக்கில்லாமல் அடக்கிக்கொண்டு காத்திருக்கத் தேவையில்லை. எத்தனை மணிக்குக் கழிப்பறைக்குப் போவது, அதன் பின் எத்தனை கப் குடிப்பது என்று மொழிபெயர்ப்பாளரோடு சேர்ந்து தமிழில் ஒரு துண்டில் எழுதுவித்துக் கொடுத்தார். கட்டிலில் ஏற்றுவதற்கு முன்பே, சின்ன அல்ட்ராசவுண்ட் கருவியால் வயிற்றின் மேலாகச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறதா என்று பார்த்தார். குறைவாக இருந்தால் வெளியிலேயே இன்னொரு கப் குடிக்கலாம், கட்டிலில் ஏறி இறங்கி அவமானப்பட வேண்டியதில்லை. கட்டிலில் உறிஞ்சும் பாய் ஒன்றை விரித்து, சிறுநீர்ப் போத்தல் ஒன்றைத் திரைக்குப் பின்னால் கை எட்டும் தூரத்தில் வைத்தார். எங்கள் யூனிட்டில் இருந்த இன்னொரு ஆண் தெரபிஸ்டை அந்த நேரத்துக்கு அழைத்துக்கொண்டார்.

இதெல்லாம் எனக்கும் தெரிந்தவைதான். நானும் செய்திருக்கலாம். அவர் குடிக்கிறார் என்று நம்பிக்கொண்டிருந்ததால் செய்யவில்லை.

அங்கிள் திரும்பி வந்து இரண்டாம் கிழமை முடிவில் டேவ் ஒரு நாள், நோயாளியின் பெயரை மறைத்து, படங்கள் இரண்டையும் எனக்குக் காட்டினார். பெயரை மறைத்தாலும் யாருடையது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். திட்டமிட்ட படமும் அன்றைய படமும் ஒன்றின்மேல் ஒன்று கோடு பிசகாமல் பொருந்தியிருந்தன. சிறுநீர்ப்பை நிறைந்து நின்றது. குடல் அதன் மேலே, தன் பாட்டில் கிடந்தது. நான் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

5. கடைசி நாள்

இருபத்தைந்தாம் நாள் சிகிச்சை முடிந்ததும், அங்கிள் என்னைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதாக டேவ் வந்து சொன்னார். காத்திருக்கும் அறையில் மூலையில் இருந்த கதிரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நானும் இருந்தேன். பிறகு நான், கோயிலில் அப்படிக் கேட்டது என் பிழை, என்னை மன்னிக்க வேண்டும் என்று சொன்னேன்.

"ஓம், அது பிழைதான்" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. பரவாயில்லை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

"நீர் பிழையா நினைக்காதையும் பிள்ளை. டேவை எனக்குத் தெரியாது. அவருக்கும் என்னைத் தெரியாது. அதுதான் எனக்குச் சுகமா இருந்தது. நீர் எண்டால், நாளைக்கு உமக்குச் சோறு போடோணும் நான்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவரும் சிரித்தார். எழும்பும்போது சொன்னார்: "கோயிலில கண்டா, என்னைக் கோயில் ஆளா மட்டும் பாரும். அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

அப்படியே செய்தேன். அடுத்தடுத்த வருடங்களில் கோயிலில் எத்தனையோ தடவை சந்தித்தோம். சோறு போடும்போது, இன்னும் கொஞ்சம் வைக்கட்டோ என்று கேட்பார். காணும் அங்கிள் என்பேன். அவருடைய பரிசோதனை முடிவுகள் என்ன என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தாலும் கோப்பைத் திறந்து பார்க்கவில்லை. திறக்க எனக்கு உரிமையும் இல்லை. ஆள் வடிவாகக் கிடாரம் தூக்குகிறார் என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டேன்.

மூன்று வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்து ஆண்கள் குசினிக்குப் பின்னால் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, அவராகவே தன் கூட்டாளிகளுக்குச் சொல்லியிருக்கிறார். இப்படி ஒரு வருத்தம் வந்தது, இப்படிச் செய்தார்கள், இப்போது சுகம், நீங்களும் போய் இரத்தம் சோதித்துப் பாருங்கள் என்று. அடுத்த கிழமையே அவர்களில் சிலர் தங்கள் டொக்டரிடம் போனார்களாம். அதில் ஒருவருக்கு ஆரம்பத்திலேயே பிடிபட்டது. அந்த மனிதர் எங்கள் யூனிட்டுக்குத்தான் வந்தார். எனக்கு அவரையும் தெரியும்.

இந்த முறை உள்ளே அழைப்பதற்கு முன்பு, தனி அறையில் வைத்துக் கேட்டேன். நான் இருக்கட்டுமா, தெரியாத ஆள் ஒருவர் இருக்கட்டுமா, எது என்றாலும் எனக்குச் சந்தோசம் என்று. அவர் யோசிக்காமல், "நீங்களே நில்லுங்கோ தங்கச்சி, எனக்கு இங்கிலீசு பயம்" என்றார். நின்றேன்.

6. கற்றுக்கொண்டது

அங்கிளிடம் இதை எழுதலாமா என்று சென்ற வருடம் கேட்டேன். "பேரை மாத்திப் போடும். மிச்சத்தை அப்படியே எழுதும். கோயில் கதையையும் விடாதையும்" என்றார். விடவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். மௌஸிலிருந்து கையை எடுத்த டேவ் அதில் முதல் ஆள். அன்று அவர் சம்மதித்திருந்தால், குடல் கதிருக்குள் கிடந்தபடி ஆறாம் நாளும் கடந்திருக்கும், ஏழாம் நாளும் கடந்திருக்கும். ஏன் என்று யாரும் தேடியிருக்க மாட்டோம். என் பிழையை என் கையாலேயே எழுதவைத்து, வேலையில் என்னைத் தொடர விட்ட மார்கரெட். எண்ணை மட்டும் சொல்லிவிட்டு, அரை மணி நேரத்தில் ஒரு மனிதரை மறுபடி சிகிச்சைக்கு அனுப்பிவைத்த அந்த மொழிபெயர்ப்பாளர். அவர் யார், சிட்னியில் இருக்கிறாரா, மெல்பேர்னில் இருக்கிறாரா, எனக்குத் தெரியாது. திரும்பி வந்த அங்கிள்.

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான். நோயில்லாத உறுப்பைக் காப்பாற்ற மெஷினும் கணக்கும் எவ்வளவோ உதவும். ஆனால் ஒவ்வொரு நாளும் அந்த உறுப்பை அதன் இடத்தில் வைத்திருப்பது நோயாளிதான். ஒரு கப் தண்ணீர் குடிப்பதும், ஒரு மூச்சைப் பிடித்து வைத்திருப்பதும், அசையாமல் கிடப்பதும் அவர். அவரால் அதைச் செய்ய முடியாமல் போனால், ஏன் என்று சொல்லக்கூடிய ஓர் ஆள் அவருக்கு வேண்டும். அந்த ஆள் நீங்களாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கேட்டுப் பாருங்கள். கோப்பில் ஏற்கெனவே எழுதியிருந்தால், அதை மாற்றாதீர்கள்.

போன மாதம் ஓர் அம்மா வந்தார். மலேசியாவிலிருந்து மகனிடம் வந்து தங்கிவிட்டவர், கழுத்தில் சின்னச் சிலுவை. கர்ப்பப்பைவாயில் புற்றுநோய். அவருக்கும் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். நான் இருக்கட்டுமா, தெரியாத ஆள் இருக்கட்டுமா என்று வழக்கம்போலக் கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, சங்கடத்தோடு, "வேற யாராச்சும் இருந்தா நல்லதும்மா, கோவிச்சுக்காதீங்க" என்றார். கோபம் இல்லை அம்மா என்று சொல்லிவிட்டு, தமிழ் ஒரு சொல்லும் தெரியாத எங்கள் தெரபிஸ்ட் லின்னை அழைத்துவந்து அறிமுகப்படுத்தினேன். மொழிபெயர்ப்பாளரை லைனில் எடுத்துக் கொடுத்தேன். கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்து மெஷினுக்குப் போனேன்.

மதியம் சாப்பிடும்போது லின் சொன்னாள், முதல் நாளே படம் சரியாகப் பொருந்திவிட்டதாம்.